பணம் திரும்பி வரும் வழி

கண்டனூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சோமு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கடைசியில் உன் மனைவி, நம் ஆச்சி, எழுதியிருந்த நாலு வரியையும் படித்தேன். அப்பச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்றே பட்டாலையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கப் பார்த்தார், பிடுங்கி வைத்தோம். வளவில் மேற்குத் தாழ்வாரத்துக்கு ஓடு மாற்றியாயிற்று. ஏழு புள்ளிக்கும், அதாவது ஏழு குடும்பத்துக்கும், பொது வீடு என்பதால் செலவைப் பங்கு பிரிக்கத்தான் ஆறு மாதம் ஆனது, வேலை பத்தே நாளில் முடிந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் சிங்கப்பூர் போகிறாய். நம் ஊர்ப் பலகாரத்துக்கும் மசாலாவுக்கும் அங்கே ஒரு கடை என்பது நல்ல யோசனை. அடுப்பு, மாவு அரைக்கும் மெஷின், சீப்புச் சீடைக்குக் கை பழகிய ஆள் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். பணத்தைப் பற்றி மட்டும் ஒரே வரி: "பேங்கில் இருக்கிற 42 லட்சத்தை அப்பப்போ அனுப்பிக்கலாம்." அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. 2009இல் நானும் இதையேதான் நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

உன்னிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. இங்கே நான் வைத்திருந்த சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். வெளிநாடு போய்விட்டேன் என்று பேங்குக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2013இல் ஊர்ப்பக்கம் இருந்த மனையில் என் பங்கு விற்று 18 லட்சம் அதில் வந்து விழுந்தது. அதே சமயம் வெளிநாட்டில் என் மளிகைக் கடையில் குளிர்சாதன அறை பழுதாகி, பணம் உடனே தேவைப்பட்டது. ராத்திரி 11 மணி இருக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தயிர் டப்பாக்களை ஐஸ் பெட்டிக்கு மாற்றிக்கொண்டே போனில் பணம் அனுப்பப் பார்க்கிறேன். "ஓ.டி.பி. அனுப்பப்பட்டது" என்று திரையில் வருகிறது. எந்த நம்பருக்கு? காரைக்குடியில் வாங்கிய பழைய சிம்முக்கு. அதற்கு ரீசார்ஜ் செய்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, நம்பரே என் கையில் இல்லை. மறுநாள் பேங்குக்குப் போன் செய்தால், "நீங்கள் வெளிநாட்டில் இருந்துகொண்டு உள்நாட்டுக் கணக்கை நடத்தியிருக்கிறீர்களே" என்று அங்கிருந்து ஆரம்பித்தார்கள். கணக்கை மாற்றி, விற்ற பத்திரம் காட்டி, வரி கட்டிய சான்று கொடுத்துப் பணம் வந்து சேர இரண்டரை மாதம். அதுவரை சரக்குப் போடுகிறவரிடம் வட்டிக்கு வாங்கிக் கடையை ஓட்டினேன். பேங்க் மேல் குறை சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது நான்.

அதனால் முதலில் இதைச் செய். வியாபாரம் செய்ய வெளிநாடு போகிறவனை, விமானம் ஏறியதிலிருந்தே ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டம் வெளிநாட்டுவாசியாகத்தான் பார்க்கும். வருமான வரிக்காரர்கள் எண்ணும் 182 நாள் வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு "இன்னும் ஆறு மாசம் இருக்கே" என்று இருந்துவிடாதே. உன் சேமிப்புக் கணக்கு, வெளிநாட்டுவாசியின் இந்திய வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாறியாக வேண்டும். கோயம்புத்தூர் வீட்டு வாடகை, டிவிடெண்ட், இங்கே விற்றது கொண்டது எல்லாம் அதில்தான் வரும். அதன் வட்டிக்கு 30 சதவீதமும் மேலே செஸ் என்கிற கூடுதல் வரியும் பிடித்துக்கொள்வார்கள். சிங்கப்பூருடன் நமக்கு இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறது, அந்த ஊர் வரி அலுவலகத்தில் வசிப்புச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் அது குறையும். என்.ஆர்.ஓ.விலிருந்து வெளியே கொண்டுபோக நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுமதி உண்டு. ஆனால் ஆடிட்டர் சான்றிதழ் வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும்.

இதோடு ஒரு என்.ஆர்.இ. கணக்கும் திற. அங்கே சம்பாதித்து அனுப்புவது இதில் மட்டும் வரட்டும். வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அசலும் வட்டியும் எப்போது வேண்டுமானாலும் கேள்வியில்லாமல் திரும்பப் போகும். இரண்டும் வேறு வேறு பாதை, சோமு. வாடகைப் பணத்தை, வரி கட்டிய சான்று இல்லாமல் என்.ஆர்.இ.யில் போட முடியாது. ஆனால் அங்கிருந்து அனுப்புவதைத் தெரியாமல் என்.ஆர்.ஓ.வில் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். சுலபமாகத் திரும்பக்கூடிய பணத்தைத் தாங்களே கஷ்டமான வழியில் தள்ளிவிடுகிறார்கள்.

இனி உன் 42 லட்சம். கிளம்புவதற்கு முன்பே இங்கிருந்து அனுப்பினால் அது ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்பு திட்டத்தில் போகும். ஆளுக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரம்பு, உனக்கு அது போதும். இடிக்கிற இடம் வேறு. 10 லட்சத்துக்கு மேல் போகிற தொகைக்கு 20 சதவீதத்தைப் பேங்கே பிடித்து வருமான வரிக்குக் கட்டிவிடும். 32 லட்சத்துக்கு அது 6 லட்சத்து 40 ஆயிரம். கணக்குத் தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் திரும்ப வரும். ஆனாலும் கடை திறக்கிற நேரத்தில் அவ்வளவு பணம் ஒரு வருஷம் கைக்கு எட்டாமல் கிடக்கும். அப்புறம், உள்நாட்டுவாசியாக இருந்துகொண்டு சொந்தக் கம்பெனியில் போட்டால் அது வெளிநாட்டு முதலீடு. பேங்க் மூலம் படிவம் கொடுத்து அதற்கென்று எண் வாங்கிய பிறகே பணம் போகலாம், அதையும் பங்காக மட்டுமே போடலாம், கம்பெனிக்குக் கடனாகக் கொடுக்க முடியாது. போய் இறங்கி, கணக்கை என்.ஆர்.ஓ.வாக மாற்றி, அதிலிருந்து அனுப்பினால் இந்த 20 சதவீதப் பிடித்தமும் இல்லை, பங்கா கடனா என்கிற கட்டும் இல்லை. முதலில் தேவைப்படும் கொஞ்சத்தை எப்படிக் கொண்டுபோவது, மிச்சத்தை எப்போது அனுப்புவது என்ற வரிசையை ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும்.

பங்கா கடனா என்று நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் ஐயா, நம் தாத்தா. போன மாதம் இரண்டாம் கட்டு அறையை ஒழித்தபோது அவருடைய கைப்பெட்டியைத் திறந்தோம். பர்மாவில் பெகுவுக்குப் பக்கத்தில் இருந்த வட்டிக் கடையின் பேரேடு ஒன்று, ஓரம் செல்லரித்துக் கிடந்தது. பிள்ளையார் சுழி போட்டு, முதல் பக்கத்திலேயே "முதல் பணம்" தனியாக, "மேல்பணம்" தனியாக எழுதியிருக்கிறார்கள். சொந்த முதல் ஒரு பக்கம். அதற்கு மேல் முதலாளியும் உறவுக்காரர்களும் வட்டிக்குப் போட்டது இன்னொரு பக்கம். தன் பணமே ஆனாலும் கடைக்கு அது கடன், வட்டி எழுத வேண்டும், தவணை வந்தால் எடுத்துக்கொள்ளலாம். அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, போன ஐயா மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் திரும்பும்போது கடையை நடத்தும் மேலாள் ஐந்தொகை (சொத்து, கடன் கணக்கு) போட்டுக் கொடுப்பாராம். உன் கம்பெனிக்கும் இதே முறை பொருந்தும். எல்லாவற்றையும் பங்கு மூலதனமாகப் போட்டால், திரும்ப எடுக்க மூலதனக் குறைப்பு என்று தனிச் சடங்கு இருக்கிறது. சட்டத்துக்கு ஒரு சிங்கப்பூர் டாலர் மூலதனமே போதும். வேலை அனுமதிக்கும் பேங்குக்கும் மதிப்பாகத் தெரிகிற அளவு பங்காகப் போடு. மிச்சத்தை இயக்குநர் கடனாக எழுதி, ஒப்பந்தம் வைத்துக் கொடு. கடை நிமிர்ந்ததும் அந்தக் கடனைத் திருப்பி எடுத்து என்.ஆர்.இ.க்கு அனுப்பலாம்.

அந்தப் பேரேட்டில் இன்னொன்றும் பார்த்தேன், அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. முன் பாதியில் பக்கத்துக்குப் பக்கம் ஆள் பேர், பற்று, வரவு. பிரசோற்பத்தி வருஷத்துக்குப் பிறகு, அதாவது 1931க்கு மேல், ஆள் பேர் குறைந்துகொண்டே வருகிறது. அந்த இடத்தில் "நிலம்", இத்தனை ஏக்கர், அடுத்த பக்கம் மறுபடி "நிலம்". நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்களால் கட்ட முடியாமல் ஈடு வைத்த வயல் கடைக்கு வந்திருக்கிறது. பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் நம் செட்டியார்கள் கையில் 1930இல் 6 சதவீதம் இருந்த நிலம் 1937க்குள் 25 சதவீதம் ஆனது. பேரேட்டில் சொத்துக் கூடுகிறது, ஊருக்கு அனுப்பக் காசு இல்லை. விஷு வருஷம் மார்கழி முதல் வாரத்தோடு எழுத்து நின்றுவிட்டது. 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் குண்டு விழுந்தது. மிச்சம் அத்தனையும் வெற்றுப் பக்கம். 1948இல் நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டம் வந்துவிட்டது.

எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தார். கடல் கடந்த வியாபாரத்துக்கு இரண்டு கரையிலும் வாசல் வேண்டும் என்று தெரிந்தவர். நீயும் அங்கே வரும் லாபம் எல்லாவற்றையும் அடுத்த கடை, அடுத்த கடை என்று போட்டுக்கொண்டே போகாதே. மாதம் ஒரு தொகை, சின்னதானாலும், என்.ஆர்.இ.க்கு வந்துகொண்டிருக்கட்டும்.

உண்டியல் என்கிற பேச்சும் உன் காதில் விழும். ஐயா காலத்து உண்டியல் கையெழுத்துப் போட்ட கடுதாசி, கணக்கில் ஏறும், கோர்ட்டில் செல்லும். இன்றைக்கு அந்தப் பேரைச் சொல்லி "ரேட் அதிகம் தர்றோம், நாளைக்கே வீட்டில் கொடுத்துடுவோம்" என்கிறார்களே, அது வேறு. சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். அப்படி வந்த பணத்துக்கு எந்த ஏட்டிலும் வரவு இருக்காது, பிறகு நீ வீடு வாங்கினாலும் விற்றாலும் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு சீட்டு இருக்காது. உரிமம் பெற்ற பணமாற்றுக் கடைகளும் பேங்குகளும் ஏராளம். கமிஷனை மட்டும் பார்க்காமல், கடைசியில் கையில் எத்தனை ரூபாய் வருகிறது என்று கேள். டாலருக்கு 50 பைசா வித்தியாசம் என்றாலே 10,000 டாலருக்கு 5,000 ரூபாய். ஆச்சிக்கு அவசரமாகக் கொஞ்சம் அனுப்ப, 2023இலிருந்து யு.பி.ஐ.யையும் அதே மாதிரி அங்குள்ள பேநவ்வையும் இணைத்திருக்கிறார்கள்.

அங்கே கம்பெனி பதிவது ஒன்றிரண்டு நாள் வேலைதான். உள்ளூர்வாசி இயக்குநர் ஒருவர் கட்டாயம், உன் மச்சினன் நிரந்தரவாசி என்பதால் கவலை இல்லை. ஆனால் அவர் வெறும் பேருக்கா, பங்குதாரரா என்பதை இப்போதே எழுத்தில் வைத்துவிடு. சொந்தக்காரர் என்பதால்தான் சொல்கிறேன். கம்பெனிக்குப் பேங்க் கணக்கு திறக்கத்தான் வாரக்கணக்கில் ஆகும். பணம் எப்படி வந்தது என்று துருவிக் கேட்பார்கள். மூன்று வருஷ வரித் தாக்கல், பேங்க் ஸ்டேட்மெண்ட், நிலம் விற்றிருந்தால் பத்திர நகல் எல்லாம் இங்கிருந்தே எடுத்துப் போ. அந்தக் கணக்கு வரும்வரை கடைக் காசை உன் சொந்தக் கணக்கில் வாங்காதே, பிறகு பிரித்தெடுக்க முடியாது. டெபாசிட்டுக்கு அங்கே ஒரு பேங்கில் ஒருவருக்கு 1,00,000 சிங்கப்பூர் டாலர் வரை காப்பீடு, இங்கே 5 லட்சம் ரூபாய்.

சில்லறை விஷயங்கள் சில. உன் பி.பி.எஃப். (பொது சேமநல நிதி) முதிர்வு வரை ஓடலாம், புதிதாகத் திறக்க முடியாது. பங்குகள் வைத்திருக்கும் டீமேட் கணக்கையும் மாற்றச் சொல். தேவகோட்டைப் பக்கம் உள்ள வயலை வைத்துக்கொள்ளலாம், வெளிநாட்டுவாசி ஆன பிறகு விவசாய நிலம் புதிதாக வாங்க முடியாது. அதனால் பக்கத்து வயலைப் பேசிக்கொண்டிருந்தாயே, வாங்குவதென்றால் ஆவணிக்கு முன் வாங்கு. என்.ஆர்.ஓ. கணக்கில் ஆச்சி பெயரையும் சேர்த்து, இங்குள்ள செலவுகளைச் செய்ய அதிகாரமும் எழுதிக் கொடுத்துவிடு. பிள்ளைகள் பள்ளிக் கட்டணம், வீட்டு வரி, கோயில் புள்ளி வரி எதுவும் உன் ஓ.டி.பி.க்காகக் காத்திருக்கக் கூடாது. சிங்கப்பூர் நம்பரையே என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளோடு சேர்க்கலாம், யு.பி.ஐ.யும் அதில் வேலை செய்யும். இருந்தாலும் பழைய சிம்முக்கு மாதாமாதம் ரீசார்ஜ் போட்டுவிடு.

அடுத்த சனிக்கிழமை கிளம்பி வா. காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஆடிட்டரிடம் 11 மணிக்கு நேரம் கேட்டிருக்கிறேன். பாஸ்புக், பான் அட்டை, டெபாசிட் ரசீது, பி.பி.எஃப். புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்து வா. மத்தியானம் இங்கே சாப்பாடு, கவுனி அரிசி ஊறப் போடச் சொல்லியிருக்கிறேன். ஐயாவின் பேரேட்டை வெயிலில் காய வைத்து எடுத்து வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கங்களில் அப்பச்சிக்கே புரியாத ஒரு கூட்டல் இருக்கிறது, நீ கணக்கில் புலி, வந்து பார்த்துச் சொல்.

ஆச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
நாச்சியப்பன்