சக்தி குழுவின் கச்சேரிப் பயணத்தில் சேவைக் குறைபாடு: கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார் கடிதம்

அனுப்புநர்:
மிருதங்க ஆசிரியர்,
சாட்ஸ்வர்த், டர்பன்,
தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
மேலாளர்,
சுற்றுலாப் பயணப் பிரிவு,
டர்பன்.

நாள்: 2025 ஜனவரி

பொருள்: 2023 ஜனவரியில் பெங்களூருவில் நடந்த சக்தி குழுவின் கச்சேரிக்கு எங்களைத் தாமதமாக அழைத்துச் சென்றதும், உறுதியளித்த இருக்கையைத் தராததும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த டிசம்பர் கடைசி வாரத்தில் உங்கள் நிறுவனத்திலிருந்து என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. அந்தக் குறைகளுக்கு ஈடாக எனக்கு வழங்கிய சலுகைச் சீட்டு காலாவதியாகப் போகிறது, ‘உங்கள் அபிமானக் குழுவின் அடுத்த கச்சேரிக்கு’ உடனே முன்பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அதில் இருந்தது. அந்தக் குழுவின் தபேலா மேதை ஜாகிர் உசேன் சான் பிரான்சிஸ்கோவில் காலமானது டிசம்பர் 15ஆம் தேதி. இசை கேட்பவர்கள் எல்லோரும் அவருக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்த நாட்களில் இப்படி ஒரு செய்தியை அனுப்பியிருக்கிறீர்கள். இந்திய இசையையும் ஜாஸையும் இணைத்த சக்தி குழுவில் 1970களில் தொடங்கிக் கடைசிவரை மாறாமல் இருந்தவர்கள் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினும் ஜாகிர் உசேனும்தான். அவர் போன பிறகு நான் எந்தக் கச்சேரிக்கு முன்பதிவு செய்வது?

அந்தச் சலுகைச் சீட்டை ஏற்கவில்லை என்று 2023 மார்ச் மாதமே எழுத்தில் தெரிவித்தேன். அதற்கு இதுவரை பதில் இல்லை. எனவே நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். தமிழில் எழுதினாலும் கவனிப்போம் என்று உங்கள் விளம்பரத்திலேயே அறிவித்திருந்தீர்கள். அதை நம்பித்தான் இந்தக் கடிதத்தையும் தமிழில் எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டின் இறுதியில் நீங்கள் அறிவித்த பயணம் டர்பனிலிருந்து துபாய் வழியாகப் பெங்களூரு சென்று, அங்கே கச்சேரி கேட்டு, பிறகு காஞ்சிபுரம், சிதம்பரம், தஞ்சாவூர் கோயில்களைப் பார்த்துத் திரும்புவது. கோயில் பயணத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தங்குமிடங்கள் சுத்தமாக இருந்தன. சிதம்பரத்தில் என் மனைவிக்கு உடம்பு சரியில்லாதபோது வண்டி ஓட்டுநர் இரவில் தானே போய் மருந்து வாங்கி வந்தார். அந்த மனிதருக்கு என் நன்றியைத் தெரிவியுங்கள். ஆனால் நானும் என் மனைவியும் என் மாணவர்கள் இருவரும் இந்தப் பயணத்தில் சேர்ந்தது கச்சேரிக்காக. கோயில்களை வேறொரு ஆண்டிலும் பார்த்திருப்போம்.

அந்தக் குழு எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை உங்கள் அலுவலகத்தில் யாரும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. இங்கிருந்த இனப் பாகுபாட்டை எதிர்த்து இந்தியா 1946இல் தென்னாப்பிரிக்காவுடன் வணிக உறவை முறித்துக்கொண்டது. தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது என்று இந்தியப் பாஸ்போர்ட்டில் குறித்திருந்த காலத்தில் வளர்ந்தவன் நான். சென்னையின் பெரிய வித்வான்கள் எங்கள் ஊருக்கு வந்து வாசிப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே முடியாது. 1970களில் லண்டனில் வேலை பார்த்த என் பெரியப்பா மகன் விடுமுறைக்கு வந்தபோது சக்தி குழுவின் எல்.பி. இசைத்தட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். எல். சங்கரின் வயலின், ராகவனின் மிருதங்கம், விக்கு விநாயக்ராமின் கடம், ஜாகிர் உசேனின் தபேலா, அவற்றோடு ஓர் ஆங்கிலேயரின் கிட்டார். சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு முன்னறையில் பையன்கள் நாங்கள் தரையில் உட்கார்ந்து, கடம் வரும் இடத்தில் ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, தொடையில் தாளம் போட்டுக் கணக்கைப் பிடிக்கப் பார்ப்போம். என் லய ஞானத்தில் பாதி அந்தத் தட்டிலிருந்து வந்தது.

1978இல் குழு கலைந்தது. 1997இல் மீண்டும் கூடியது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தார், சங்கர் மகாதேவன் வந்தார், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிரா என்ற சிறு தோல் வாத்தியத்தோடு அப்பாவின் இடத்துக்கு வந்தார். 2014 செப்டம்பரில் ஸ்ரீநிவாஸ் 45 வயதில் மறைந்தபோது இத்தோடு முடிந்தது என்றே நினைத்தோம். மெக்லாஃப்லின் எண்பது வயதைத் தாண்டிய பிறகு, கணேஷ் ராஜகோபாலனின் வயலினோடு குழு மறுபடியும் மேடையேறுகிறது என்ற செய்தி வந்தது. உங்கள் விளம்பரமும் வந்தது. ‘மேடைக்கு நேர் எதிரே, முன்பகுதியில் இருக்கை உறுதி’ என்று அதில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகவே கச்சேரிப் பகுதிக்கு ஆளுக்கு 6,200 ராண்ட் தனியாகக் கட்டினோம். ரசீதில் அது தனி வரியாகவே இருக்கிறது.

கச்சேரி நாளன்று விடுதியிலிருந்து மாலை நான்கு மணிக்குப் பஸ் புறப்படும் என்று எங்களிடம் கொடுத்த நிரலில் இருந்தது. நாலு மணிக்கே புறப்பட்டோம். பெங்களூரு நெரிசலில் கூட அது போதுமான நேரம் என்று ஓட்டுநரே சொன்னார். ஆனால் பாதி வழியில் பஸ் ஒரு பட்டுக்கடை வாசலில் நின்றது. பத்து நிமிடம்தான், பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் உள்ளூர் வழிகாட்டி. உள்ளே வெள்ளை விரிப்புப் போட்ட மேடையில் கடைக்காரர்கள் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உதறி விரித்துக்கொண்டே இருந்தார்கள். எங்கள் குழுவில் புடவை வாங்க விரும்பியவர்கள் வாங்கினார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை, கடைக்குள் அழைத்துச் சென்றால் யாரும் வாங்கத்தான் செய்வார்கள். நான் கடிகாரத்தைக் காட்டி வழிகாட்டியிடம் கேட்டபோதெல்லாம், ‘ஆயிற்று சார், கிளம்பிவிடலாம்’ என்பதுதான் பதில். ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே போனது. வெளியே வரும்போது சாலை முழுக்க வண்டிகள்.

இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். வழிகாட்டியைக் கடிந்துகொண்டபோது அவர் தன் கைப்பேசியில் இருந்த நிரலைக் காட்டினார். உங்கள் நிறுவனத்தின் சின்னம் பொறித்த அதே நிரல். ஆனால் அதில் நான்கு மணிக்கும் கச்சேரிக்கும் நடுவே அந்தக் கடையின் பெயர் இருந்தது. எங்களுக்குத் தந்த நிரலில் அந்த வரி இல்லை. அந்தக் கைப்பேசித் திரையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், இணைத்திருக்கிறேன். பயணிகளுக்கு ஒரு நிரல், வழிகாட்டிக்கு வேறொரு நிரல் என்று ஏன் தயாரித்தீர்கள்? அந்தக் கடையிலிருந்து உங்களுக்குத் தரகு கிடைக்கிறதா? இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். உங்கள் முதல் கடிதத்தில் ‘எதிர்பாராத போக்குவரத்து நெரிசல்’ என்று காரணம் காட்டியிருந்தீர்கள். நிரலில் அச்சிட்டு வைத்த ஒன்றை எதிர்பாராதது என்று சொல்வது உண்மைக்குப் புறம்பானது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கச்சேரி தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. நுழைவாயிலுக்கு வெளியே நிற்கும்போதே கைதட்டல் கேட்டது. கஞ்சிரா பழகும் என் மாணவி, வரிசையில் நின்றபடியே அழுதுவிட்டாள்.

இருக்கை விஷயம் அதைவிட மோசம். உள்ளே எங்களை அழைத்துப் போய் உட்கார வைத்தது பின்பகுதியில், ஓர் ஓரத்தில். எங்களுக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவிகளுக்காக எழுப்பியிருந்த கூடாரம். அதன் கம்பத்துக்கு இடதுபுறம் சாய்ந்தால் மெக்லாஃப்லினின் கிட்டார் தெரியும். வலதுபுறம் சாய்ந்தால் ஜாகிர் உசேனின் தலைமுடி தெரியும். அவர் கைகள் தெரியவில்லை. செல்வகணேஷ் சுத்தமாகத் தெரியவில்லை.

கைகள் தெரியாவிட்டால் என்ன, இசை கேட்டதல்லவா என்று உங்கள் ஊழியர் தொலைபேசியில் கேட்டார். தாள வாத்தியம் படிப்பவர்களுக்குக் கை தெரிய வேண்டும். கஞ்சிராவை இடது கையில் பிடித்து வலது கையால் வாசிப்பார்கள். அடி விழுவது வலது கையில் என்றாலும், பிடித்திருக்கும் இடது கை விரல்கள் விளிம்பருகே தோலை அழுத்தும்போதுதான் நாதம் கீழே இறங்கி மேலே ஏறும். அழுத்தம் தாளத்தின் எந்த அட்சரத்தில் (எண்ணிக்கையில்) தொடங்குகிறது, எங்கே விடுபடுகிறது என்பது ஒலிப்பதிவில் காதுக்கு எட்டும். அதைச் செய்யும் விரலைக் கண்ணால் பார்த்தால்தான் கைக்கு வரும். டர்பனில் கஞ்சிரா சொல்லித்தர ஆள் கிடைப்பதே அரிது. மிருதங்கக்காரனான நான் எனக்குத் தெரிந்த அளவில் அந்தப் பெண்ணுக்குச் சொல்லித்தருகிறேன். அவள் அந்த இடது கையைப் பார்க்க வேண்டும் என்றுதான், விடுமுறை நாட்களில் வேலை செய்து பணம் சேர்த்து, எங்களோடு கடல் கடந்து வந்தாள். தபேலாவும் கஞ்சிராவும் மாறி மாறிப் பேசி, ஆவர்த்தனம் (தாளச் சுற்று) குறைந்துகொண்டே வந்து, இருவரும் ஒன்றாகச் சேர்ந்து, முடித்துவைக்கும் தாளக்கட்டான தீர்மானத்தில் வந்து விழுந்தபோது, முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவள் அந்தக் கூடாரத்தின் பின்பக்கத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘கச்சேரியின் பெரும்பகுதியைக் கேட்டுவிட்டீர்கள், தவறவிட்ட பகுதியை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எழுதியிருந்தீர்கள். இந்த வரிதான் என்னை மிகவும் புண்படுத்தியது. சக்தி குழுவின் கச்சேரி மனோதர்மத்தில், அதாவது மேடையிலேயே பிறக்கும் கற்பனையில் நடப்பது. உருப்படியின் எலும்புக்கூடு மட்டும் முன்கூட்டியே இருக்கும். ஒருவர் ஒரு சொற்கட்டைப் போட, மற்றவர் அதை வாங்கித் திருப்பித் தர, அந்த நேரத்தில் அந்த மேடையில் அது வளரும். பெங்களூருவில் வாசித்ததை மும்பையில் வாசிக்க மாட்டார்கள். அவர்களுடைய முதல் தட்டே 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் கூட்டத்தின் முன்னால் வாசித்ததை அப்படியே பதிவு செய்ததுதான். அப்படிப்பட்ட கச்சேரியின் தொடக்கம் தவறினால் தவறியதுதான். முதல் சுருதி சேர்ந்த கணத்திலிருந்து நான்கு பேரையும் அங்கே உட்கார வைப்பதாகப் பணம் வாங்கினீர்கள். வேறு ஊரில் வேறு நாளில் யாரோ எடுத்த காணொளியைக் காட்டி அந்தக் கடனைத் தீர்க்க முடியாது.

அடுத்து, சலுகைச் சீட்டு. அடுத்த கச்சேரிப் பயணத்தில் 15 விழுக்காடு தள்ளுபடி என்றீர்கள். அப்போதே அதை ஏற்காததற்குக் காரணம், என் பணம் உங்களிடம் இருக்கும்போது, அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற நான் இன்னொரு முறை உங்களுக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதில் நியாயம் இல்லை. இப்போது ஜாகிர் உசேனும் இல்லை. அந்தச் சீட்டை வைத்து வாங்குவதற்கு நீங்கள் சொன்ன பொருளே இல்லாமல் போய்விட்டது.

தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, சேவையை உரிய நேரத்தில், எதிர்பார்க்கத்தக்க தரத்தில் தர வேண்டும் என்கிறது; தவறினால் குறையைச் சரிசெய்யவோ, கட்டணத்தில் நியாயமான பகுதியைத் திருப்பித் தரவோ கேட்க நுகர்வோருக்கு உரிமை உண்டு என்கிறது. நடந்து முடிந்த கச்சேரியைச் சரிசெய்ய யாராலும் முடியாது. எனவே பணத்தைக் கேட்கிறேன். அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு, பொய்யான அல்லது திசைதிருப்பும் விவரங்களைச் சொல்லி விற்பதைத் தடை செய்கிறது. இருக்கை பற்றிய உங்கள் விளம்பர வரியை அதோடு வைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்குள் புகாரைக் கொண்டு போகச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் காலம் இன்னும் முடியவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். கச்சேரிப் பகுதிக்காக நாங்கள் நால்வரும் கட்டிய 24,800 ராண்டை முழுவதுமாகத் திருப்பித் தாருங்கள். விமானக் கட்டணத்தையோ கோயில் பயணச் செலவையோ நான் கேட்கவில்லை. இரண்டு நிரல்கள் எப்படி வந்தன என்பதற்கும், உறுதியளித்த இருக்கை யாருக்குப் போனது என்பதற்கும் உங்கள் கையொப்பத்தோடு விளக்கம் அனுப்புங்கள். என் மாணவிக்குத் தனியாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுங்கள்; அவளுக்கு அது பணத்தைவிடப் பெரியது. இனி எந்தக் கச்சேரிப் பயணத்தையும் விற்கும்போது, கச்சேரி நாளில் கடைகளுக்கு அழைத்துச் செல்வதில்லை என்று நிரலில் எழுதிக் கொடுங்கள். மார்கழி சீசனுக்கு டர்பனிலிருந்து சென்னை போகும் குடும்பங்கள் பல உங்களை நம்பித்தான் பதிவு செய்கின்றன.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் பணமும் பதிலும் வராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் புகாரைப் பதிவு செய்வேன். ரசீது, எங்களுக்குத் தந்த நிரல், வழிகாட்டியின் நிரலைக் காட்டும் படம், விளம்பரத் தாள், உங்கள் முந்தைய கடிதம், டிசம்பரில் வந்த கைப்பேசிச் செய்தி ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். சலுகைச் சீட்டையும் இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மிருதங்க ஆசிரியர், சாட்ஸ்வர்த்