ஈர மரத்தை உலர்ந்த மரமென்று விற்றது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: முழுமரக்கட்டை வீட்டுத் தொகுப்பில் ஈர மரம் அனுப்பியது, தூண் ஜாக்கிகள் (தூணை ஏற்றி இறக்க அடியில் வைக்கும் திருகுகள்) இன்றுவரை வராதது, ஐந்து புகார்களைத் தீர்க்காமலே முடித்தது.

ஐயா / அம்மையீர்,

முந்தாநாள் உங்களிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. "48 மணி நேரத்திற்குள் தங்களிடமிருந்து பதில் வராததால் புகார் முடித்துவைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு மதிப்பெண் அளியுங்கள்." இப்படி வருவது ஐந்தாவது முறை. என்னிடம் ஐந்து புகார் எண்கள் இருக்கின்றன. ஐந்தையும் முடித்துவைத்தீர்கள், ஒன்றைக்கூடத் தீர்த்துவைக்கவில்லை. இனித் தொலைபேசியை நம்பிப் பயனில்லை என்று இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையொப்பமிட்டு வாங்குகிற ஒருவராவது கடைசிவரை படிப்பார் என்று நம்புகிறேன்.

நான் வாங்கியது, கட்டைகளை அடுக்கி நானே கட்டிக்கொள்ளும் உங்கள் மரக்கட்டை வீட்டில் பெரிய மாதிரி. சோலார் பேனல்களும் 48 வோல்ட் லித்தியம் பேட்டரியும் சேர்ந்த தொகுப்பு. அதைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மரத்தைத் தேர்ந்தெடுத்ததும் உலர்த்தியதும் ஒவ்வொரு கட்டைக்கும் எண் போட்டு லாரியில் ஏற்றியதும் நீங்கள்தான். ரசீதின் இரண்டாம் பக்கத்தில் "சூளையில் உலர்த்தியது, ஈரப்பதம் 19 சதவீதத்திற்கு மிகாது" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் மற்ற இடங்களில் கேட்காமல் உங்களிடம் வந்தேன்.

சுவர் எழுப்பிக் கூரை போட்டு 10 மாதம் ஆகிறது. மொத்தம் 10 வரிசைக் கட்டைகள், 2.4 மீட்டர் உயரம். மூலையில் ஒரு குறி வைத்து மாதந்தோறும் அளந்துவருகிறேன். இதுவரை சுவர் 7 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. கட்டைகள் காயக் காயச் சுருங்கி மரச்சுவர் இறங்கும் என்பது தெரியாமல் நான் இந்த வேலையில் கைவைக்கவில்லை. எவ்வளவு இறங்கும் என்பது, மரம் எவ்வளவு ஈரத்தோடு வந்தது என்பதைப் பொறுத்தது. 19 சதவீத மரம் என்று நம்பி, உங்கள் கையேடு சொன்னபடியே கதவு நிலைக்கு மேல் 2.5 சென்டிமீட்டரும் ஜன்னலுக்கு மேல் 1.5 சென்டிமீட்டரும் இடைவெளி விட்டேன். ஐந்தாம் மாதத்திலேயே அந்த இடைவெளி அடைபட்டுவிட்டது. இப்போது சுவரின் பாரமும் கூரையின் பாரமும் ஜன்னல் சட்டங்களின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. வாசல் கதவைத் திறந்தால் மூட முடிவதில்லை, மூடினால் திறக்க முடிவதில்லை. சமையலறை ஜன்னல் கண்ணாடி ஒரு நள்ளிரவில் வெடித்துக் கீறியது. என் மகள் அலறிக்கொண்டு எழுந்தாள். அன்று முதல் அவள் சுவரோரம் படுப்பதில்லை.

இதையெல்லாம் உங்கள் கிடங்கின் மூன்றாம் கவுன்டரில் இருந்தவரிடம் நேரில் சொன்னேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "மரம் என்றால் சுருங்கத்தான் செய்யும்" என்றார். தூண் ஜாக்கி கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "காட்டுக்குள் போய் வாழத் தெரிந்தவருக்கு ஒரு திருகு செய்துகொள்ளத் தெரியாதா?" பக்கத்தில் நின்ற இருவர் சிரித்தார்கள். என் வயதில் பாதிகூட இருக்காது அவருக்கு. உங்கள் சட்டையை அணிந்து, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் பெயரால் பேசிய வார்த்தை அது.

அந்த ஜாக்கிகளின் கதை இது. வீட்டின் நடுவே மேல்தளத்து உத்தரத்தைத் தாங்கும் தூண்கள் நான்கு. கிடைமட்டமாக அடுக்கிய கட்டை குறுக்கே சுருங்கும். நிற்கிற தூண் நீளவாக்கில் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம். என் தூண்கள் 2 மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. நான்கு புறமும் சுவர் இறங்கும்போது நடுவில் தூண் மட்டும் அப்படியே நின்றால் உத்தரம் என்ன ஆகும்? அதற்காகத்தான் ஒவ்வொரு தூணின் அடியிலும் திருகு ஜாக்கி வைத்து, சுவர் இறங்க இறங்கத் தூணையும் இறக்க வேண்டும். இது நீங்களே உங்கள் கையேட்டில் படம் போட்டு விளக்கியிருப்பது. ரசீதில் ஜாக்கி 4 என்று இருக்கிறது. லாரியில் ஒன்றுகூட வரவில்லை. "இப்போதைக்குக் கட்டைகளை வைத்து நிறுத்துங்கள், ஒரு வாரத்தில் அனுப்புகிறோம்" என்றது உங்கள் அலுவலகம். அந்த ஒரு வாரம் 10 மாதமாக நீள்கிறது. கார் ஜாக்கியை முட்டுக்கொடுத்து இரண்டு தூண்களின் அடிக்கட்டையை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நானே உருவினேன். மூன்றாவதில் கைவைத்தபோது உத்தரம் முனகியது. விட்டுவிட்டேன். மேல்தளம் இப்போது நடுவில் எழும்பி, ரசமட்டம் வைத்தால் குமிழி ஒரு பக்கம் போய் ஒட்டிக்கொள்கிறது.

ஆறு மாதம் கெஞ்சிய பிறகு "நேரில் வந்து பெற்றுக்கொள்ளுங்கள், எடுத்துவைத்திருக்கிறோம்" என்றார்கள். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், அதில் பாதி மண் சாலை. என்னிடம் வண்டி இல்லாததால் இரவல் வாங்கிப் போனேன். பெட்டி ஒட்டிக் கட்டியிருந்தது. மேலே "ஜாக்கி, 4" என்று எழுதியிருந்தது. திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். திறந்தால் மாற்றித் தர முடியாது என்றார்கள். வீட்டுக்கு வந்து இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் திறந்தேன். உள்ளே நான்கு இரும்புத் தட்டுகள். திருகுத் தண்டு ஒன்றுகூட இல்லை. தட்டு மட்டும் இருந்து என்ன செய்வது? அடுத்த வாரம் அந்தப் பெட்டியைத் திருப்பிச் சுமந்துகொண்டு வந்த அன்றுதான் மூன்றாம் கவுன்டர்க்காரர் என்னிடம் திருகு செய்துகொள்ளச் சொன்னார். முதல் முறை போனபோது இருப்புச் சரிபார்ப்பு என்று கதவையே திறக்காமல் அனுப்பினீர்கள், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆக மூன்று பயணம், 18 மணி நேரம், கையில் கிடைத்தது ஒன்றுமில்லை.

உங்கள் ஆய்வாளர் ஒரு முறை வந்தார். மரியாதையாகவே நடந்துகொண்டார், அவர்மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் குட்டை ஊசி கொண்ட ஈரமானியை வெயில் விழும் சுவரின் மேற்பரப்பில் குத்தி, 16 சதவீதம் என்று குறித்துக்கொண்டு கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். மரம் வெளியிலிருந்துதான் காயும், ஈரம் நடுவில் தங்கும் என்பது அவருக்குத் தெரியாதா? நீண்ட ஊசி கொண்டு நடுமரத்தில் அளக்கச் சொன்னேன். அந்தக் கருவி தரப்படவில்லை என்றார். அந்த 16-ஐ வைத்துத்தான் "மரம் தரமானது, பராமரிப்புக் குறையே காரணம்" என்று உங்கள் அலுவலகம் கடிதம் எழுதியது.

எனவே நான் செய்ததைக் கேளுங்கள். மரம் வந்திறங்கிய இரண்டாம் நாள் அறுத்த ஒரு மீதித் துண்டை, பின்னால் பூச்சு சோதித்துப் பார்க்கலாம் என்று பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி வைத்திருந்தேன். அதை மரப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். எடை 640 கிராம். 103 டிகிரியில், எடை இனிக் குறையாது என்ற நிலைவரை உலர்த்தினார்கள். மிஞ்சியது 500 கிராம். போன நீர் 140 கிராம், அதாவது உலர்ந்த மரத்தின் எடையில் 28 சதவீத ஈரப்பதம். இது என் பராமரிப்பினால் வந்த ஈரமா? அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன். உலராத பச்சை மரம் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அதற்கேற்ற இடைவெளி விட்டுக் கட்டியிருப்பேன். பச்சை மரத்தில் வீடு கட்டுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள், நன்றாகவே கட்டுகிறார்கள். நான் கேட்டது உண்மையை மட்டும்தான்.

48 மணி நேரத்தில் நான் ஏன் பதில் சொல்லவில்லை என்பதையும் சொல்கிறேன். ஜன்னல்கள் சட்டத்தில் கோணிக்கொண்டு நிற்பதால் வீட்டுக்குள் குளிர்காற்று தங்குதடையின்றி வருகிறது. பேட்டரி அறையின் வெப்பம் பல காலைகளில் பூஜ்யத்திற்குக் கீழே போய்விடுகிறது. பூஜ்யத்திற்குக் கீழே அந்த பேட்டரி சார்ஜ் ஏற்காது. செல்கள் கெட்டுவிடும் என்று அதன் பாதுகாப்புச் சுற்றே நிறுத்திவிடும். வெளியே நல்ல வெயில், கூரையில் பேனல்கள், உள்ளே விளக்கு இல்லை, தண்ணீர் பம்பு இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அடுப்பு மூட்டி அறையைச் சூடாக்கலாம் என்றால், கூரை இறங்கி அடுப்பின் புகைக்குழாயை இறுக்கிப் பிடித்திருக்கிறது. தீப்பிடிக்குமோ என்று பயந்து மூட்டுவதில்லை. போனில் உயிர் இருக்கும் நாளிலும் சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டர் மேடேற வேண்டும். அங்கே நின்று உங்கள் காத்திருப்பு இசையை 38 நிமிடம் கேட்டிருக்கிறேன். இணைப்பு கிடைத்ததும் "வீடியோ எடுத்து அனுப்புங்கள்" என்றார்கள். மின்கம்பி வராத இடத்தில் வாழ்வதற்கென்றே விளம்பரம் செய்து வீட்டை விற்றவர்கள் நீங்கள். அப்படி வாழ்கிறவன் புகார் சொல்ல ஒரு வழி வைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

இந்த வீட்டில் போட்டது என் ஆயுள் சேமிப்பு. அதற்கு மேலும் போய்விட்டது: என் முதுகு, என் மனைவி என்மீது வைத்திருந்த நம்பிக்கை, என் மகளின் தூக்கம். அத்தனைக்கும் காரணம் உங்கள் ரசீதின் ஒரு பொய் வரி. என் வாழ்க்கையையே குலைத்துவிட்டீர்கள்.

இருந்தாலும் பகையோடு முடிக்க நான் விரும்பவில்லை. உங்கள் கட்டைகளின் வெட்டு நேர்த்தியானது, மூலைப் பொருத்தங்கள் அழகானவை. கட்டும்போது பெருமைப்பட்டேன். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், திருகுத் தண்டோடு கூடிய நான்கு ஜாக்கிகளை என் வாசலில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் வருவதாக இல்லை. நீண்ட ஊசி ஈரமானியோடு ஒரு பொறியாளரை அனுப்புங்கள். ஜன்னல் சட்டங்களையும் கதவு நிலையையும் உண்மையான ஈரத்திற்கேற்ற இடைவெளியோடு உங்கள் செலவில் மாற்றுங்கள். புகைக்குழாயை இறுக்கும் பட்டையை முதல் நாளே தளர்த்திக் கொடுங்கள், அது உயிர் விஷயம். மரத்தின் விலையில் உலர்த்துவதற்கென்று வாங்கிய பகுதியைத் திருப்பித் தாருங்கள். மூன்றாம் கவுன்டரில் இருந்தவர் தன் கையெழுத்தில் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

16-ஆம் நாள் இந்தக் கடிதமும் பரிசோதனை அறிக்கையும் ரசீதும் தட்டுகள் மட்டுமே இருந்த பெட்டியின் படங்களும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இருக்கும். வழக்கறிஞரிடம் பேசிவிட்டேன்.

பதிலைத் தபாலில் அனுப்புங்கள். பேசித்தான் ஆக வேண்டும் என்றால் காலை 11 மணி முதல் 12 மணிவரை கூப்பிடுங்கள், அந்த நேரத்தில் மேட்டில் நிற்பேன். புகார் எண் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெரிய மாதிரி வீட்டில் குடியிருப்பவன்

இணைப்பு: ரசீது நகல், பரிசோதனை அறிக்கை, மாதவாரி அளவுக் குறிப்பு, படங்கள் 14.

பி.கு.: தபாலில் சேர்க்கப் புறப்படும் முன் மூலையில் மறுபடி அளந்தேன். 7.2 சென்டிமீட்டர்.