மாலை போடும் முன் மூன்று கேள்வி

ஆசிரியருக்கு,

கார்த்திகை 1-ஆம் தேதி சபரிமலைக்கு மாலை போட வேண்டும் என்று, முந்தின நாளோடு குடியை நிறுத்துகிறவர்கள் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் உண்டு. விரதம் நல்லதுதான். ஆனால் வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பில் 6 மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். வீட்டார் சாமி குற்றம் என்று மந்திரிக்க அழைத்துப் போனால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே ஐப்பசியிலேயே, குடும்ப ஆரோக்கிய மையங்களில் பிரஷர் பார்க்கும் மேசையிலேயே கேட்டுவிட வேண்டும். குடிப்பழக்கத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' கேள்வித்தாளில் முதல் மூன்று போதும்: எத்தனை நாளுக்கு ஒருமுறை, குடிக்கிற நாளில் எவ்வளவு, ஒரே தடவையில் 6 அளவோ மேலேயோ எப்போதெல்லாம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 மதிப்பெண். ஆணுக்கு 4, பெண்ணுக்கு 3 வந்தால் மீதி 7 கேள்விகளையும் கேட்க வேண்டும்.

சறுக்குவது இந்த 'அளவில்'தான். ஓர் அளவு என்பது 10 கிராம் ஆல்கஹால், அதாவது 30 மில்லி பிராந்தி. "ஒரு குவார்ட்டர்தானுங்க" என்று சொன்னதும் படிவத்தில் 1 என்று விழுகிறது. 180 மில்லியில் இருப்பது 6 அளவு! சனிக்கிழமை மட்டும் குவார்ட்டர் அடிப்பவருக்கே 7 மதிப்பெண் வரும். அதனால் "கட்டிங்கா, முழு குவார்ட்டரா?" என்றே கேளுங்கள். கள்ளுக்கு இந்தக் கணக்கு நிற்காது. காலையில் இறக்கியது அந்திக்குள் புளித்து ஏறிவிடும். எத்தனை பாட்டில், எத்தனை மணிக்கு, இரண்டும் வேண்டும். மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டால் பதில் ஒன்றுதான்: "பழக்கமில்லீங்க".

பத்துக்கும் சேர்த்து 8 முதல் 15 வரை என்றால் அங்கேயே ஐந்து, பத்து நிமிடம் பேசினால் போதும். 16 முதல் 19 வரை என்றால் மறுபடி வரச் சொல்லித் தொடர்ந்து பார்க்க வேண்டும். 20-ஐத் தொட்டவரிடம் "இன்றே நிறுத்து" என்று சொல்லவே கூடாது. டாக்டர் பார்த்து, நடுக்கத்துக்கு மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். முன்பு வலிப்பு வந்தவரை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். சோர்வாக இருக்கிறார் என்று குளுக்கோஸ் ஏற்றுவதானால் அதற்கு முன் வைட்டமின் பி1 ஊசி போட வேண்டும். உடம்பில் மிச்சமிருக்கும் பி1-ஐயும் குளுக்கோஸ் தீர்த்துவிட்டால் மூளை பாதிக்கும்.

மாலைக்கு பத்து நாள் முன்னாவது 20-ஐத் தொட்டவர்கள் டாக்டரைப் பார்த்திருக்க வேண்டும்.

சமுதாய செவிலியர்கள் சிலர்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்