இடது பக்க பேரிங்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மா முட்டிவலி பரவாயில்லை. நேற்று நீ காரிலிருந்து பேசும்போது உன் பேச்சுக்கு நடுவே ஒரு ஊளைச் சத்தம் கேட்டதே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பித்து அறுபதில் ஏறுகிறது, நியூட்ரலில் விட்டாலும் போகவில்லை என்றாய். அப்போ இன்ஜின் இல்லை. டயர் சத்தம் தார் ரோட்டில் ஒரு மாதிரி, சிமென்ட் ரோட்டில் ஒரு மாதிரி கேட்கும், இது மாறவில்லை. வலது வளைவில் கூடுகிறதென்றால், அந்த நேரம் பாரம் இடது சக்கரத்தில் இறங்குகிறது. இடது முன் பேரிங்தான், சக்கரம் சுற்றுகிற அந்தக் குண்டு வளையம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது கடகடவென்றால் அது சிவி ஜாயின்ட், சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸிலின் மூட்டு, வேறு வேலை.

ஜாக்கியை நம்பாதே, ஸ்டாண்டு போடு. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்: ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட், சஸ்பென்ஷன் மூட்டு. ஆட்டமே இல்லை என்பதால் பேரிங் நல்லது என்று நினைக்காதே. காயில் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்து மறு கையால் சக்கரத்தைச் சுற்று. சொரசொரப்பு விரலில் தெரியும்.

நீ அனுப்பிய மீட்டர் போட்டோவையும் பார்த்தேன். பொங்கலுக்கு 92,000. இப்போது 1,31,000. ஆபீஸ் வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர்தானே. நான் ஒன்றும் கேட்கவில்லை. உழைக்கிற பிள்ளை என்றுதான் இங்கே எல்லோரிடமும் சொல்கிறேன். ஸ்டாண்டு போடாமல் அடியில் கையை விடாதே.

ஆக்ஸில் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே, பிரேக் மிதிக்கச் சொல்லித் தளர்த்து. தளர்த்தியபின் வண்டியை ஓரடிகூட உருட்டாதே, பேரிங் கெடும். பிரேக் காலிப்பரைக் கழற்றி ஹோஸில் தொங்க விடாதே, கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டு. ஸ்டிரட் (ஷாக் அப்சார்பர்) போல்ட்டைக் கழற்றுமுன் பெயின்ட்டால் குறி போட்டுக்கொள். பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம். சக்கரம் மாட்டுகிற ஹப்பைப் பிரஸ்ஸில் தள்ளி எடுக்கும்போது பழைய பேரிங்கின் உள்வளையம் ஹப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். கிரைண்டரில் பாதி வெட்டி உளியால் தட்டு, ஹப்பில் கீறல் விழக்கூடாது. பேரிங் உட்காரும் கூடான நக்கிளைத் துடைத்து, பிசிர் இல்லாமல் பார்த்து, புது பேரிங்கை வெளிவளையத்தில் மட்டும் அழுத்தி இறக்கச் சொல். பேரிங்கை நகராமல் பிடிக்கும் சர்க்கிளிப் போட்டபின் ஹப்பை இறக்கும்போது உள்வளையத்துக்கு அடியில் தாங்கு கொடுக்க வேண்டும். இதைப் பட்டறைக்காரரிடம் இரண்டு தரம் சொல். ஏபிஎஸ் வண்டிப் பேரிங்கில் காந்த வளையம் இருந்தால் அந்த முகம் சென்சார் பக்கம்.

தாங்கு கொடுக்காவிட்டால் அழுத்தம் முழுக்க குண்டுகள் வழியாகப் போகும். குண்டு ஓடும் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத குழி விழும். இரண்டொரு மாதத்திலோ, இருபதாயிரம் கிலோமீட்டரிலோ அது சத்தமாக வெளியே வரும்.

பொங்கலுக்கு வந்தபோது அந்த இடது பேரிங்கைப் போட்டது நான். மாட்டுப் பொங்கல், லேத் பட்டறை பூட்டியிருந்தது. நீ அன்று ராத்திரியே கிளம்பணும் என்றாய். சுத்தியலால்தான் இறக்கினேன். ஹப்புக்குத் தாங்கும் கொடுக்கவில்லை. சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தேன், சத்தமில்லை, உன்னிடம் சொல்லாமல் விட்டேன். இத்தனை வருஷம் வேலைக்கு வந்த பையன்களை எதற்காகத் திட்டினேனோ, அதையே செய்தேன். ரொம்ப ஓட்டுகிறாய் என்று உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேரிங், சர்க்கிளிப், புது ஆக்ஸில் நட் மூன்றும் பார்சலில் வருகிறது. பழைய நட்டைத் திரும்பப் போடாதே. ஏர் கன்னால் முறுக்க விடாதே, டார்க் ரெஞ்ச் வைத்து மேனுவலில் உள்ள அளவுக்கு முறுக்கி, நட்டின் விளிம்பைத் தட்டி மடக்கச் சொல். வீல் நட்டை 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்.

அதுவரை ராத்திரியில் ஹைவே வேண்டாம். ஸ்டாண்டு போடு.

அம்மாவிடம் கிலோமீட்டர் கணக்கைச் சொல்லவில்லை.

அப்பா