ஹைமாவிலிருந்து அம்மாவுக்கு

ஹைமா, ஓமன்

அன்புள்ள அம்மாவுக்கு,

சின்னத்தான் லீவு முடிஞ்சு வரும்போது நீ கொடுத்துவிட்ட கருப்பட்டியும் கடிதமும் வந்து சேந்துச்சு. முறுக்கெல்லாம் தூளாப் போச்சு, கரண்டியால அள்ளித் தின்னோம். போன்ல பேசும்போதெல்லாம் "எல்லாரும் சொகம்"னு சொல்லிட்டு, அப்பாவைச் சுருட்டைப் பாம்பு கடிச்சதைக் கடிதத்துல கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கியே, நல்லாருக்கா இது? அதுக்குப் பொறவு வாரேன்.

எனக்கு என்ன வேலைன்னு ஆச்சி கேட்டாளாம். ஊருல 108-ல பாத்த அதே வேலைதான். மஸ்கட்ல இருந்து சலாலா போற ரோட்டுல நடுவழியில இருக்கு ஹைமா. அதுக்கும் உள்ள தள்ளி எங்க கேம்ப். ஒரு ஆம்புலன்ஸ், ஒரு ஃபயர் வண்டி, அவ்வளவுதான். நம்ம தேரி மாதிரி செம்மணல் மேடு கிடையாது, சப்பட்டையா கல்லுத்தரை. விடியக்காலம் சில நாள் மூடுபனி எறங்கும். பாலைவனத்துல பனியான்னு நீ நம்பமாட்ட. அதுல ரோட்டுல ஒட்டகம் நிக்கது தெரியாது. அதுக்குக் காலு நீளம்லா, கார் இடிச்சா ஒடம்பு நேரா முன் கண்ணாடியில வந்து விழும். 9999-க்குப் போன் போட்டாலும் பக்கத்துல இருக்கது நாங்கதான்.

ஜூன்ல இருந்து ஆகஸ்டு வரை மத்தியானம் 12.30 முதல் 3.30 வரை வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு இங்க சட்டம். அப்படியும் காலையிலயே சாயுதவன் உண்டு. ஒரு பீகார் பையன், பேரு கேட்டா அவங்க அம்மா பேரைச் சொல்லுதான். ஒடம்பு 106 டிகிரி. உடனே வண்டியில தூக்கிப் போட்டுட்டு ஓடக் கூடாது, மொதல்ல குளிர வைக்கணும். தார்ப்பாயில கிடத்தி, ஆளுக்கொரு மூலையைத் தூக்கிப் பிடிச்சு, மெஸ்ஸுல இருந்த ஐஸ் அத்தனையும் தண்ணியோட கொட்டி, தொட்டில் ஆட்டுத மாதிரி ஆட்டினோம். கண்ணைத் தொறந்தவன் சட்டையை எவன் நனைச்சான்னு சண்டைக்கு வாரான்!

பக்கத்து ரூம் சூடான்காரர்தான் ஃபயர் வண்டி ஓட்டுதவரு. தண்ணியே லாரியில வருது, நாங்க குளிக்கதுக்கே அளவு. அவரு டயரைத் தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்காரு. மணல்காத்து அடிச்சா தன் போர்வையை எடுத்துப் பம்புக்குப் போத்திட்டு வந்து சும்மா கிடப்பாரு. போர்ட்டா கேபின்ல தீப்பிடிச்சா நிமிஷத்துல போயிரும், ரூமுல அடுப்பு வைக்காதீங்கன்னு எல்லாரையும் வையுததும் அவருதான். அவரு கட்டிலுக்கு அடியில அடுப்பு இருக்கு. உன் கருப்பட்டிக் காப்பி அதுலதான் கொதிச்சுது.

சாப்பாட்டுக்குக் குறையில்ல. சம்பளம்தான் கொஞ்சம் பிந்துது, ஏதோ பேங்க் கணக்கை மாத்துதாவளாம், எல்லாருக்கும்தான். நீ யோசிக்காத.

அப்பாவுக்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில எடுத்து 20 நிமிஷம் ஆட்டாம வச்சுப் பாத்தாவளா? உறையலைன்னா வெஷம் ஏறியிருக்குன்னு அர்த்தம். எத்தனை பாட்டில் மருந்து ஏத்தினாவ? டிஸ்சார்ஜ் சீட்டைத் தங்கச்சி போட்டோ எடுத்து அனுப்பட்டும். பெரியத்தான் காலைக் கயித்தால இறுக்கிக் கட்டினாவளாமே. இனிமே யாருக்குன்னாலும் கட்டாதீய, கீறாதீய, நடக்கவும் விடாதீய. இங்கயும் சுருட்டை உண்டும்மா. எவன் எவன் காலையோ பிடிச்சிட்டு நான் வண்டியில உக்காந்திருக்கேன், அப்பா கூட யாரோ ஒரு பையன் உக்காந்து வந்திருக்கான். அவன் பேரையாவது கேட்டு வச்சியா? ஊருக்கு வந்து அப்பா காலைக் கண்ணால பாத்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும் போல. சரி, விடு.

வடக்கு விளையைக் கிணத்தடிச் சித்தப்பாவுக்கு எழுதிக் கொடுக்கப் பேச்சு நடக்குதாமே? ஹைகிரவுண்டு கவர்மெண்டு ஆஸ்பத்திரி, அங்க யாரு காசு கேட்டா? பனையை வேணும்னா பாட்டத்துக்கு விடு, தரையை விக்க வேண்டாம். சித்தப்பா அட்வான்ஸுன்னு நீட்டினா அப்பா கையில வாங்க விடாத. தங்கச்சி நகைக்குத் தை வரைக்கும் தவணை கேளு. அதுவரை வட்டியை மட்டும் சின்னக்கா கட்டட்டும், நான் அத்தான்கிட்டப் பேசிட்டேன். அப்பா அந்தியில விளைக்குப் போனா டார்ச் இல்லாம விடாத. ரப்பர் பூட்ஸ் வாங்கி அனுப்புதேன், அவிய காலு அளவு 8-ஆ 9-ஆன்னு தங்கச்சியை எழுதச் சொல்லு.

உன் மூத்தவன்