இன்னொரு பாஸ்போர்ட் வாங்கப் போகும் மகனுக்கு

கரூர்

அன்புள்ள கார்த்திக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். பணம் கட்டினால் வேறு நாட்டுக் குடியுரிமையோ வசிப்பு உரிமையோ வாங்கித் தருகிற ஏஜென்ட்டின் ஃபைலைத் துபாயிலிருந்து அனுப்பியிருந்தாயே, அதை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டேன். பக்கத்துக்குப் பக்கம் கடற்கரைப் படம். செயின்ட் கிட்ஸ், டொமினிக்கா, கிரெனடா, போர்ச்சுகல், கிரீஸ் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டு, விலை எவ்வளவு, எத்தனை மாதம், விசா இல்லாமல் எத்தனை நாடு என்று மூன்று கட்டம் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்த அட்டவணையோடுதான் சண்டை. குடியுரிமையையும் வசிப்பு உரிமையையும் ஒரே வரிசையில் வைக்கக் கூடாது கண்ணு. முதலாவதை வாங்கினால் கையில் இருக்கும் இந்தியக் குடியுரிமை போய்விடும். இரண்டாவதில் அது அப்படியே இருக்கும். அந்த ஒரு கட்டத்தை மட்டும் ஃபைலில் காணோம்.

நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. 1955ஆம் வருடக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, நீயாக விரும்பி வேறு நாட்டுக் குடிமகன் ஆனால் இந்தியக் குடியுரிமை தானாகவே முடிந்துவிடும். அப்புறம் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும், வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். "இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது" என்று ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருந்தாய். வாடிக்கையாளரைச் சட்டத்தை மீறச் சொல்லி ஆரம்பிக்கிறவரிடம் இரண்டு கோடி ரூபாயை எப்படி நம்பிக் கொடுப்பது?

ஓசிஐ இருந்தால் போதாதா என்று நீ கேட்பாய். பல விஷயங்களுக்குப் போதும்தான். தோட்டத்தைப் பற்றி அப்பா கவலைப்படுகிறார், அது தேவையில்லாத கவலை. விவசாய நிலம் வாங்க என்ஆர்ஐ-யாகவே உனக்கு இப்போது அனுமதி இல்லை, ஓசிஐ ஆனாலும் அதே நிலைதான். எங்களிடமிருந்து வாரிசாக வருவதற்கு இரண்டிலும் தடை இல்லை. என் கவலை நம் பேத்தி யாழினியைப் பற்றி. டாக்டருக்குப் படிப்பேன் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு நீட் எழுதினால் அவள் இந்தியக் குடிமகள், பொது இடங்களுக்கும் போட்டி போடலாம். 2021 மார்ச்சில் வந்த அறிவிப்புக்குப் பிறகு ஓசிஐ வாங்குகிற பிள்ளைகளுக்கு என்ஆர்ஐ இடங்களும் கூடுதல் இடங்களும் மட்டும்தான். அந்தக் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்துப் பார்.

சரி, கரீபியன் தீவுகளுக்கு வருகிறேன். செயின்ட் கிட்ஸ் 1984 முதல் இதைச் செய்கிறது, இந்தத் தொழிலில் எல்லோருக்கும் மூத்தது. டொமினிக்காவில் ஒரு லட்சம் டாலருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. 2024ல் தீவுகள் கூடிப் பேசி, 2 லட்சத்துக்குக் கீழே விற்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டன. செயின்ட் கிட்ஸில் நாலு பேர் குடும்பத்துக்கு இரண்டரை லட்சம். பின்னணி விசாரணைக்கும் வக்கீலுக்கும் தனி. அந்த அரசுக்கு நன்கொடை கொடுக்கிற வழியில் போனால் அந்தப் பணம் திரும்பி வராது. அதை முதலீடு என்று எழுதியிருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. நம் கம்பெனிக் கணக்கில் அதைச் செலவு என்றுதான் எழுதுவேன்.

போனால் போகிறது, பணம்தானே என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாஸ்போர்ட்டின் மதிப்பு தீவின் கையில் இல்லை, விசா விலக்கு கொடுக்கிற நாடுகளின் கையில் இருக்கிறது. 2023 ஜூலையில் டொமினிக்காவுக்கும், இதே மாதிரி குடியுரிமை விற்கிற பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவுக்கும் பிரிட்டன் விலக்கை எடுத்துவிட்டது. வனுவாட்டுவுக்கு ஐரோப்பிய யூனியனும் முதலில் நிறுத்தி வைத்து, 2024 டிசம்பரில் அடியோடு ரத்து செய்தது. 2025 டிசம்பரில் ஆன்டிகுவா, டொமினிக்கா இரண்டுக்கும் அமெரிக்கா விசாக் கட்டுப்பாடு அறிவித்தபோது, அங்கே வசிக்காமலே குடியுரிமை வாங்கலாம் என்பதைத்தான் காரணமாகச் சொன்னது. முன்பே பணம் கட்டியவர்களுக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

கிரெனடா பக்கத்தில் 'அமெரிக்க இ-2 விசா' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அமெரிக்காவில் முதலீடு செய்து தொழில் நடத்தப் போகிறவர்களுக்கான விசா அது. இந்தியர்களுக்கு அந்த விசா கிடையாது, கிரெனடாக்காரர்களுக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் 2022 கடைசியில் அமெரிக்கா சட்டத்தை மாற்றிவிட்டது. பணம் கட்டிக் குடியுரிமை பெற்றவர் முதலில் அந்த நாட்டில் மூன்று வருடம் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். நீ கிரெனடாவில் மூன்று வருடம் உட்கார்ந்து பெட்ஷீட் ஏற்றுமதி செய்வாயா?

உன் உண்மையான கஷ்டம் எனக்குத் தெரியும். ஜனவரியில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஹெய்ம்டெக்ஸ்டில் என்ற வீட்டுத் துணிக் கண்காட்சி, அதற்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா. போன தடவை மருமகள் வித்யாவின் பாஸ்போர்ட் விமானத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்தது, ஸ்டாலில் நிற்க ஆள் இல்லாமல் போயிருக்கும். இந்தியாவில் வசிக்கிற இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் விதியைத் தளர்த்தினார்கள். மூன்று வருடத்துக்குள் இரண்டு விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் அடுத்தது இரண்டு வருடம், அதற்கப்புறம் ஐந்து வருடம். அப்பாவுக்கு அது பொருந்தும். துபாயில் இருந்து விண்ணப்பிக்கிற உனக்கு அந்தச் சலுகை இல்லை, பொது விதிப்படி ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். எரிச்சல்தான், ஆனாலும் வருடத்துக்கு ஒரு வாரக் கண்காட்சிக்காகக் குடியுரிமையை மாற்ற வேண்டுமா?

ஐரோப்பாவில் கால் வைக்க வேண்டும் என்றால் வசிப்பு உரிமையைப் பார். மால்டாவில் குடியுரிமையே விற்றார்கள், 2025 ஏப்ரல் 29ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. முதலீடு செய்தால் வசிப்பு உரிமை தருகிற கோல்டன் விசாவை ஸ்பெயின் அதே மாதம் மூடியது. கிரீஸில் வீடு வாங்கலாம், ஆனால் ஏதென்ஸ், தெசலோனிக்கி பகுதிகளிலும் பெரிய தீவுகளிலும் 8 லட்சம் யூரோ, மற்ற இடங்களில் பொதுவாக 4 லட்சம். அந்த வீட்டை ஏர்பிஎன்பி மாதிரி நாள் வாடகைக்கு விடவும் கூடாது. போர்ச்சுகலில் 2023லேயே வீட்டு வழியை எடுத்துவிட்டார்கள், இப்போது 5 லட்சம் யூரோவை முதலீட்டு ஃபண்டில் போட வேண்டும். வருடத்துக்குச் சராசரி ஏழு நாள் அங்கே இருந்தால் போதும். ஐந்து வருடத்தில் குடியுரிமை என்று ஏஜென்ட் எழுதியிருப்பதை நம்பிக் கணக்குப் போடாதே, அதைப் பத்து வருடமாக்க 2025ல் அவர்கள் நாடாளுமன்றம் வாக்களித்தது. இவற்றில் போர்ச்சுகல் எனக்குப் பரவாயில்லை என்று படுகிறது. ஃபண்டின் மதிப்பு குறையலாம், ஆனாலும் அது உன் பெயரில் இருக்கிற சொத்து, நன்கொடை இல்லை.

ஆனால் அவசரம் அதுவும் இல்லை. நீ இருப்பது துபாயில், பிள்ளைகள் படிப்பதும் அங்கே. உன் விசாவோ கம்பெனியின் லைசென்ஸோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே இருபது லட்சம் திர்ஹாம் சொத்து இருந்தால் பத்து வருட கோல்டன் விசா கிடைக்கும், வித்யாவையும் பிள்ளைகளையும் அதிலேயே சேர்க்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் கரூரில் வந்து இருந்தாலும் ரத்தாகாது. உன் ஃப்ளாட்டே கிட்டத்தட்ட அந்த விலைக்கு வரும் என்றாயே, முதலில் அதைச் செய்.

குடியுரிமையை மாற்றினால் இந்திய வரித் தொல்லை போய்விடும் என்று ஏஜென்ட் சொன்னது பாதிதான் சரி. பொதுவாக எந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தாய் என்பதுதான் கணக்கு. இங்கே 15 லட்சத்துக்கு மேல் வருமானம் வந்து, வேறெங்கும் வரி கட்டும் பொறுப்பில்லாத இந்தியக் குடிமகனை இங்கே வசிப்பவராக எடுத்துக்கொள்ளும் விதி 2020ல் வந்தது. அது பொருந்தினாலும் உன் துபாய் வருமானம் மொத்தத்துக்கும் வரி விழாது. நம் மில்லின் பங்கு வருமானம் எவ்வளவு என்று ஆடிட்டரிடம் கேட்டு வைக்கிறேன்.

ஃப்ளாட் பத்திரத்தில் என்ன விலை பதிவாகியிருக்கிறது என்று பார்த்து எழுது. அதுவரை ஏஜென்ட் கேட்கிற முன்பணத்தை அனுப்பாதே. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் அது திரும்ப வராது என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. இந்தக் கடிதத்தை வித்யாவிடமும் காட்டு. ஃபைலில் அவள் பெயரைச் 'சார்ந்திருப்பவர்' என்று போட்டிருக்கிறார்கள். குடியுரிமை போனால் அவளுடையதும் சேர்ந்துதானே போகும், அவள் என்ன நினைக்கிறாள் என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

அன்புடன்,
அம்மா