சங்ககிரியில் துரோகி யார்? வியூக விளையாட்டு உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

கொங்குப் பாளையங்களை வைத்துப் போர் வியூக விளையாட்டு உருவாக்கிவரும் கோவை இளைஞர்களுக்கு,

வணக்கம். ஈரோட்டில் முப்பதாண்டுகளாகக் குற்றவியல் வழக்கு நடத்திவருபவன் நான். நீங்கள் நண்பர்களிடையே விட்டிருக்கும் வெள்ளோட்டப் பதிப்பைச் சென்ற ஞாயிறன்று என் பேரன் ஆடக் கண்டேன். மழை பெய்தால் வெடிமருந்து நமத்துப்போகும் நுணுக்கம் வரை பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு பாளையக்காரரின் படத்துக்குக் கீழிருந்த விசுவாசக் கோடு பச்சையிலிருந்து சிவப்புக்கு இறங்கியதும் 'துரோகி' என்று முத்திரை விழுந்தது. பேரன் அதைத் தொட்டான். பாளையம் அவன் கணக்கில் சேர்ந்துவிட்டது. "அப்பாரு, ஒரு குண்டுகூடச் செலவில்லீங்க" என்றான்.

இங்கிலாந்தின் பழைய அரசர்களுக்கும் இதே ஆசைதான் இருந்தது. மற்றக் கொடுங்குற்றங்களில் தண்டிக்கப்பட்டவனின் நிலம் கடைசியில் அவனுடைய நிலப்பிரபுவுக்குத் திரும்பும். ராஜத்துரோகம் என்றால் நேரே அரசனுக்குப் போகும். ஆகவே அரசனின் நீதிபதிகள் அந்தச் சொல்லை இழுத்து நீட்டிக்கொண்டே போக, பிரபுக்கள் பொறுக்காமல் முறையிட்டு, மூன்றாம் எட்வர்டு காலத்தில் 1351-இல் அதற்கு எல்லை வகுக்கச் செய்தார்கள். அரசனைக் கொல்லக் கருதுதல், அவன்மேல் போர் தொடுத்தல், அவன் பகைவரோடு சேர்தல் என்று எண்ணிச் சொல்லக்கூடிய சிலவே அதில் அடங்கின. கொல்லும் எண்ணத்தையும் வெளிப்படையான ஒரு செயலால்தான் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1696-இல் இரண்டு சாட்சிகளும், குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞரும் கட்டாய உரிமையாயின. அமெரிக்க அரசமைப்போ, ஒரே செயலைக் கண்ட இரு சாட்சிகள் வேண்டும், இல்லையேல் நீதிமன்றத்தில் வெளிப்படையாக அவனே ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறது. உங்கள் கோடு கேட்கும் சாட்சி எத்தனை?

சிவிலைசேஷன் 6 விளையாட்டிலும், 2018-இல் வந்த விரிவாக்கத்தில், நகரங்களுக்கு விசுவாச அளவு உண்டு. அது பூச்சியமானால் நகரம் பிரிந்து தன்னாட்சி பெறுகிறது. எவரையும் துரோகி என்பதில்லை. அது எனக்கு நேர்மையாகப் படுகிறது.

இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. தீரன் சின்னமலை தரப்பில் ஆடினால், மக்கள் வழக்கில் அவரைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் சமையற்காரருக்கு அந்த முத்திரை விழுகிறது. கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, தரப்பில் ஆடினால், அதே முத்திரை, அதே எழுத்தில், சின்னமலைக்கு விழுகிறது. விசுவாசம் கடன்பட்டவன்தான் துரோகம் செய்ய முடியும் என்பது ராஜத்துரோகச் சட்டத்தின் அடித்தளம். 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு இந்த மண் கும்பினியின் கைக்குப் போனது. அந்தக் கைமாற்றத்தையே ஏற்காமல் போரிட்டு, 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலேறியவர் கும்பினிக்கு என்ன கடன்பட்டிருந்தார்? சமையற்காரர் செய்ததாகச் சொல்லப்படுவதோ உண்ட வீட்டுக்கு இரண்டகம். அதற்குச் சட்டப் பெயர் தேவையே இல்லை.

தமிழில் எல்லாவற்றையும் 'துரோகம்' என்ற ஒரே சொல்லில் கட்டிவிடுவதும் இக்குழப்பத்துக்குக் காரணம். வ.உ.சி. 1908-இல் தண்டிக்கப்பட்டது அரசின்மேல் வெறுப்பைத் தூண்டியதாகச் சொல்லும், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவின்கீழ். போர் தொடுப்பதற்கு 121 என்று தனிப் பிரிவு இருந்தது. அவர் பேசினார், எந்தப் படையையும் திரட்டவில்லை. ஆயினும் உங்கள் ஊர்ச் சிறையில்தான் செக்கிழுத்தார்.

ஆகவே முத்திரை விழுமுன், யாருக்குக் கடன்பட்டவர், என்ன செய்தார், கண்டவர் யார் என்று ஆடுபவரிடம் கேளுங்கள். பொய்யாகக் குற்றம் சாட்டிப் பாளையத்தைப் பறித்தால் மற்றப் பாளையக்காரர்கள் விலகட்டும். கும்பினித் தரப்பில் சின்னமலைக்கு விழும் முத்திரையில், அது யாருடைய தீர்ப்பு என்பதையும் எழுதுங்கள். திருத்திய பதிப்பு வந்ததும் சொல்லியனுப்புங்கள். பேரன் ஆடட்டும், நான் எதிர்த்தரப்பு வக்கீலாகப் பக்கத்தில் உட்காருகிறேன்.

அன்புடன்,
ஈரோட்டு வழக்கறிஞர் ஒருவர்